'நோ' படம் நிறுத்திக்கொண்ட இடம்

பாப்லோ லரைன் 2012இல் எடுத்த 'நோ' படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "ஒரு விளம்பரம் சர்வாதிகாரியைக் கவிழ்த்த கதை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். படமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. எனக்கு இடிப்பது அங்கேதான்.

கதை நடப்பது 1988, சிலி. 1973இல் ராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைப் பிடித்த பினோசே இன்னும் எட்டு வருடம் தொடரலாமா, வேண்டாமா என்று வாக்கெடுப்பு. இரு தரப்புக்கும் தொலைக்காட்சியில் தினம் 15 நிமிடம், 27 நாட்கள். கேல் கார்சியா பெர்னால் நடித்த விளம்பரக்காரர், கொலையையும் சித்திரவதையையும் காட்டினால் ஜனங்கள் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், மகிழ்ச்சியை விற்போம் என்கிறார். அக்டோபர் 5 அன்று 'வேண்டாம்' தரப்புக்கு 56 சதவீதம்.

படம் நன்றாக இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. அந்தக் காலத்து வீடியோ கேமராவிலேயே முழுக்க எடுத்திருப்பதால், பழைய செய்திக் காட்சி எது, நடிப்பு எது என்று பிரிக்கவே முடியவில்லை. ஆனால் பழைய வாக்காளர் பட்டியலை ராணுவம் அழித்திருந்த நாட்டில், 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் புதிதாகப் பதிய வைத்தார்களே, அந்த வேலைக்குப் படத்தில் இடமில்லை. வீடு வீடாக நடந்தவர்கள் பின்னால் போய், விளம்பரம் முன்னால் வந்துவிடுகிறது.

அதைக்கூட விட்டுவிடலாம். படம் முடிகிற இடத்துக்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம்.

1989 டிசம்பர் 14. 16 வருடத்துக்குப் பிறகு முதல் நாடாளுமன்றத் தேர்தல். ஜனாதிபதித் தேர்தலும் அன்றே. எதிர்க்கட்சிக் கூட்டணியின் அயில்வின் சுமார் 55 சதவீதம் வாங்கி ஜெயித்தார். நாடாளுமன்றத்துக்கான விதியையும் தொகுதி எல்லையையும் வகுத்தது ராணுவ ஆட்சி. ஒரு தொகுதிக்கு இரண்டு இடம். ஒரு கூட்டணி இரண்டையும் எடுக்க வேண்டுமென்றால், அடுத்த கூட்டணியைப் போல இரு மடங்கு வாக்கு வாங்க வேண்டும். இல்லையென்றால் ஆளுக்கு ஒன்று.

மேற்கு சாந்தியாகோ செனட் தொகுதியில் என்ன ஆச்சு பாருங்கள். எதிர்க்கட்சிக் கூட்டணியின் சால்திவாருக்கு 31 சதவீதம், ரிக்கார்டோ லாகோஸுக்கு 30. வலதுசாரிகளின் ஹைமே குஸ்மானுக்கு 17. லாகோஸ் தோற்றார், குஸ்மான் செனட்டர் ஆனார்! இருவரும் சேர்ந்து வாங்கிய சுமார் 62 சதவீதம், வலதுசாரிக் கூட்டணியின் வாக்கைப் போல இரு மடங்காகவில்லை, கொஞ்சம் குறைந்துவிட்டது. அவ்வளவுதான்.

இந்த லாகோஸ் யார்? 1988இல் நேரலைத் தொலைக்காட்சியில் பினோசேயை நோக்கி விரல் நீட்டிப் பேசியவர். குஸ்மான் யார்? 1980 அரசியல் சட்டத்தை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர். இதைவிடப் பெரிய நாடகத்தை எந்தத் திரைக்கதையாசிரியர் எழுத முடியும்?

செனட்டின் மொத்தக் கணக்கும் அப்படித்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட 38 பேரில் 22 பேர் எதிர்க்கட்சிக் கூட்டணி. அதன்மேல் நியமன செனட்டர்கள் 9 பேர். 22க்கு எதிரே 25 ஆகிவிட்டது. ஜெயித்தவர்களிடம் பெரும்பான்மை இல்லை. பினோசே 1998 வரை ராணுவத் தளபதியாகவே இருந்தார். நியமன செனட்டர்கள் போனது 2005 திருத்தத்தில். இரட்டை இட முறையை மாற்றும் சட்டம் வந்தது 2015இல்.

"ஒரு படம் எல்லாவற்றையும் சொல்ல முடியுமா?" என்று கேட்கலாம். முடியாது, சொல்லவும் வேண்டாம். ஆனால் ஜெயித்தது விளம்பரம்தான் என்று சொல்கிற படத்திடம், எதை ஜெயித்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. விளம்பரம் ஒரு ஆளை நாற்காலியிலிருந்து இறக்க உதவியது. அந்த ஆள் எழுதிவைத்துவிட்டுப் போன கணக்கை அழிக்க இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. அதைச் செய்தவர்கள் வானவில் வரையவில்லை; செனட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்காகச் சேர்த்தார்கள். அவர்களைப் பற்றி யாராவது ஒரு படம் எடுத்தால் நான் முதல் ஆளாகப் பார்ப்பேன்.