பெயரற்ற முகில்கள்: விண்வெளி விளையாட்டொன்றின் கூட்டு வரைபடம் பற்றிச் சில குறிப்புகள்

கணினி விளையாட்டுகளை இலக்கியத் திறனாய்வின் பொருளாகக் கொள்வது நம்மவர் பலருக்கு இன்னும் உவப்பானதன்று. முதலாளித்துவப் பொழுதுபோக்குத் தொழிற்றுறையின் உற்பத்திகளுள் ஒன்றெனக் கூறி அவற்றை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், பல்லாயிரவர் கூடிப் பல ஆண்டுகள் உழைத்து ஆக்கிய பனுவலொன்று அத்தகைய விளையாட்டொன்றினுள்ளே தோன்றியிருக்குமாயின், அதனை வாசியாது விடுவதற்கு இலக்கிய மாணவனிடம் தக்க நியாயம் எதுவும் இல்லை. வாய்மொழிப் பாடல்களின் ஆக்கமுறையை ஆராய்ந்து 1968 இல் வெளிவந்த பேராசிரியர் கைலாசபதியின் ஆங்கில நூலுக்குப் பின்னர், பனுவல் தனியொருவரின் உள்ளத்திலிருந்து ஊற்றெடுப்பது என்ற எண்ணத்தை நாம் கேள்வியின்றி ஏற்பதில்லை. ஆகவே கூட்டாக்கம் என்பது நமக்குப் புதிய பிரச்சினையன்று. அக்கூட்டாக்கம் இன்று எத்தகைய உற்பத்தி உறவுகளுக்குள் நிகழ்கிறது என்பதே இங்கு நோக்கப்படவேண்டியது.

ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவது 'எலீற் டேஞ்சரஸ்' என்னும் விளையாட்டு. இதன் மூதாதையான 'எலீற்' 1984 இல் டேவிட் பிறேபன், இயன் பெல் ஆகிய இருவரால் ஆக்கப்பட்டது. எட்டு விண்மீன் மண்டலங்களையும் ஒவ்வொன்றிலும் 256 உடுத்தொகுதிகளையும் அது கொண்டிருந்தது. பிறேபனின் புரொன்ரியர் டெவலப்மென்ற்ஸ் நிறுவனம் 2014 டிசெம்பரில் வெளியிட்ட புதிய விளையாட்டோ நமது பால்வீதி முழுவதையும் அதன் மெய்யளவிலேயே உருவகிக்க முற்பட்டது. அதில் ஏறத்தாழ 40,000 கோடி உடுத்தொகுதிகள் உள்ளன. வானியலாளரின் பட்டியல்களிலுள்ள உடுக்கள் தத்தம் இடங்களிலே வைக்கப்பட, எஞ்சியவற்றை 'ஸ்ரெலார் போர்ஜ்', அதாவது உடுக்களின் உலைக்களம், என்னும் கணிப்புமுறை பிறப்பிக்கிறது. இவற்றுள் மனிதர் சென்று கண்டவை ஆயிரத்திலொரு பங்கும் ஆகா.

இவ்வளவு பெரிய வெளிக்குப் பெயரிட எந்த நிறுவனத்தாலும் இயலாது. எனவே பொறியே பெயரிடுகிறது. 'இயோல் புரூ ஆர்எஸ்-ரி டி3-94' என்பது அத்தகைய பெயர்களுள் ஒன்று. முதற்பார்வையில் இது பொருளற்ற ஒலிக்கூட்டம். ஆனால் ஆயிரக்கணக்கான பெயர்களை அருகருகே வைத்து ஒப்பிட்ட விளையாடுவோர் இதன் இலக்கணத்தைக் கண்டறிந்தனர். முன்னிற்கும் இரு சொற்கள் 1,280 ஒளியாண்டு பக்கமுடைய ஒரு கனசதுரத்தைச் சுட்டுவன. இடையிலுள்ள எழுத்துகள் அதனுள் அமைந்த சிறு கனசதுரமொன்றின் இடத்தைச் சுட்டுவன. இலக்கத்தின் முன் நிற்கும் எழுத்து அச்சிறு கனசதுரத்தின் அளவைச் சொல்லும்: ஏ ஆயின் பக்கம் 10 ஒளியாண்டு, பி ஆயின் 20, இவ்வாறே இரட்டித்துச் சென்று எச் ஆயின் 1,280. அவ்வெழுத்தைக் கொண்டே அங்குள்ள உடுவின் திணிவை ஒருவாறு ஊகிக்கலாம். இது சிறிய செய்தியன்று. நிறுவனம் விளக்காத மொழியொன்றை வாசகர் தாமாகவே வாசிக்கக் கற்றனர். கல்வெட்டெழுத்தை வாசித்தோர் கையாண்ட முறைக்கு இது வெகு தொலைவில் இல்லை.

வாசித்தலிலிருந்து எழுதுதலுக்குச் சென்றது அடுத்த படி. இதில் விண்முகில்களுக்கு, அதாவது நெபுலாக்களுக்கு, தனியிடம் உண்டு. கோடிக்கணக்கான ஒளிப்புள்ளிகளுள் ஒன்றை மற்றொன்றிலிருந்து கண்ணாற் பிரித்தறிய முடியாது. செந்நிறமாகவோ நீலமாகவோ பரந்து தொலைவிலிருந்தே தெரியும் முகிலோ கடலோடிக்குக் கலங்கரைவிளக்கம்போல் உதவுகிறது. எனவே வரைபடம் வேண்டியோர் முதலில் நாடியவற்றுள் முகில்களும் இருந்தன. விளையாடுவோர் தாமே அமைத்த பால்வீதி வரைபடத் திட்டத்தில் விண்முகில், கோள்வடிவ விண்முகில், கருந்துளை என வகைகள் வகுக்கப்பட்டன. ஒருவர் தாம் கண்ட இடத்தின் அமைவிடத்தையும் படத்தையும் விவரணத்தையும் முன்மொழிந்த பெயரையும் அனுப்புவார். தொண்டர் சிலர் அதனைப் பரிசீலித்து ஏற்பர் அல்லது மறுப்பர். இதற்காக எவருக்கும் ஊதியம் கிடையாது. இவ்வாறு சேர்ந்த பதிவுகள் நிறுவனத்துக்குப் புறம்பான தரவுத்தளத்திலே தொகுக்கப்பட்டு எவரும் எடுத்துக்கொள்ளத்தக்கனவாக வைக்கப்பட்டன.

உண்மையான வானியலின் வரலாற்றோடு இதனை ஒப்பிடுவது பயனுடையது. சாள்ஸ் மெசியே 1781 அளவில் 103 பொருள்களைப் பட்டியலிட்டபோது அவர் தேடியவை வால்வெள்ளிகள். முகில்களைக் குறித்துவைத்தது அவற்றை வால்வெள்ளியென மயங்காதிருக்கவே. 1888 இல் டிறையர் வெளியிட்ட புதிய பொதுப் பட்டியலில் 7,840 பொருள்கள் இடம்பெற்றன. இலக்கங்களுக்கு அப்பால் வழக்கிலேறிய பெயர்களை நோக்கினால் வட அமெரிக்கா நெபுலா, கலிபோர்னியா நெபுலா என்பன எதிர்ப்படுகின்றன. வானத்திலே தெரிந்த உருவம் பெயரிட்டவர்களின் பூகோளப் படத்திலிருந்து எடுக்கப்பட்டது. பெயரிடும் அதிகாரம் இன்று சர்வதேச வானியல் ஒன்றியத்திடம் உள்ளது. அவ்வொன்றியம் 2019 இல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் உடுவை ஒதுக்கியபோது, இலங்கைக்குக் கிடைத்த எச்டி 205739 என்னும் உடு 'சாமய' எனவும் அதன் கோள் 'சமகிய' எனவும் பெயர் பெற்றன. சமாதானம், ஒற்றுமை என்பன அவற்றின் பொருள். இரண்டும் சிங்களச் சொற்கள். ஒற்றுமைக்கும் ஒரு மொழியே போதுமானதாயிற்று என்பதை இவ்விடத்தில் குறித்துவிட்டு மேற்செல்லலாம்.

விளையாட்டினுள்ளே பெயரின் பொருளாதாரம் மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. ஓர் உடுவையோ கோளையோ முதலிற் கண்டவரின் பெயர் அதன்மீது பொறிக்கப்படும் என்பது விதி. ஆயினும் காண்பது மட்டும் போதாது. கண்ட தரவை எடுத்துச் சென்று 'யுனிவேர்சல் காட்டோகிராபிக்ஸ்' என்னும் கற்பனை நிறுவனத்துக்கு விற்றல் வேண்டும். விற்பதற்கு முன்னர் கலம் அழிந்தால் மாதக்கணக்கான பயணத்தின் தரவு முழுவதும் அழியும். முதலிற் கண்டவரை முந்தி இன்னொருவர் விற்றுவிட்டால் பெயர் விற்றவருக்கே உரியதாகும். கண்டுபிடிப்பு பண்டமாக மாறியபின்னரே கண்டுபிடிப்பாக ஏற்கப்படுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொருளியற் பாடநூலும் சொல்லிவிடாது. விளையாட்டை ஆக்கியோர் இதனை அங்கதமாகக் கருதினர் எனக் கொள்ள ஆதாரமில்லை. இயல்பான ஒழுங்கு இதுவே என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். கருத்துநிலை என்பது அவ்வாறு எண்ணமுடிவதிலேதான் இருக்கிறது. நிறுவனத்துக்கு வெளியேயும் இதே நியாயம் நிலவியது. 2012 இன் இறுதியில் பொதுமக்களிடமிருந்து விளையாட்டுக்கு நிதி திரட்டப்பட்டு 15 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட தொகை சேர்ந்தபோது, பெருந்தொகை கொடுத்தோர்க்குரிய சலுகைகளுள் பெயரிடும் உரிமையும் இருந்தது.

பெயர்களின் உள்ளடக்கத்துக்கு வருவோம். பால்வீதியின் மறுகோடியில், சூரியனிலிருந்து ஏறத்தாழ 65,000 ஒளியாண்டு தொலைவில், 'சீக்கியா இசட்கியூ-எல் சி24-0' எனப் பொறி பெயரிட்டிருந்த தொகுதிக்கு விளையாடுவோர் 'பீகிள் முனை' எனப் பெயரிட்டனர். பின்னர் நிறுவனமும் அதனை ஏற்றது. டார்வினை நினைந்தே இப்பெயர் இடப்பட்டது என்பது வெளிப்படை. ஆனால் 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பல் சென்றது டார்வினுக்காக அன்று. தென்னமெரிக்கக் கரைகளை அளந்து கடல் வரைபடங்களைத் திருத்துவதற்காகப் பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம் அதனை அனுப்பியது. அவ்வரைபடங்களுக்குப் பின்னால் வணிகக் கப்பல்கள் இருந்தன. 2016 இல் 'ஜாக்ஸ் நிலையம்' என்னும் விண்ணிலையம் பீகிள் முனையை நோக்கிப் பாய்ந்து வழிதவறி, சூரியனிலிருந்து ஏறத்தாழ 22,000 ஒளியாண்டு தொலைவில், நாம் முன்னர் கண்ட இயோல் புரூ தொகுதியிலே கிடந்ததாகக் கதை நகர்ந்தது. அதனைத் தேடிக் கண்டுபிடித்தோர் விளையாடுவோரே. பின்னர் பலர் அங்கு குடிபெயர, தொகுதியும் அதன் அருகிலுள்ள முகிலும் 'கொலோனியா' ஆயின. குடியேற்றம் என்பதற்கு இலத்தீனில் வழங்கிய சொல் அது.

2018 டிசெம்பரில் நிறுவனம் பால்வீதியை 42 பிராந்தியங்களாகப் பிரித்துப் பெயரிட்டது. அப்பட்டியலில் ஒடின், அக்கிலிஸ், நியூட்டன், கெப்ளர், ஹோக்கிங் முதலிய பெயர்கள் வருகின்றன. ஐரோப்பிய மரபுக்குப் புறம்பானவையாக எனக்குத் தென்படுவன இரண்டே: இசனாமி, சிபல்பா. முன்னது யப்பானியத் தொன்மத்தில் இறந்து கீழுலகின் அரசியான தெய்வம். பின்னது மாயா மக்களின் பாதாளம். பிறர் உலகங்களிலிருந்து கடன்கொள்ளப்பட்டவை இரண்டும் சாவின் பெயர்களாக அமைந்தமை தற்செயலாகவே இருக்கலாம். தற்செயல்கள் ஒரே திசையிற் சாயும்போது திறனாய்வாளன் அத்திசையைச் சுட்டவேண்டியவனாகிறான்.

இக்கற்பனையின் மையம், தனிக்கலத்திலே தனியொருவர் வெற்றுவெளியிற் செல்வது. ரொபின்சன் குரூசோவை அரசியற் பொருளாதாரிகள் ஏன் இவ்வளவு விரும்புகின்றனர் என்பதை மார்க்ஸ் காட்டியிருக்கிறார்: சமூகத்தின் விளைவான தனிமனிதனை அவர்கள் சமூகத்தின் தொடக்கமாகக் கொள்கின்றனர். இங்கோ குரூசோவுக்கு 'வெள்ளி' கூட இல்லை. தொலைவான முகில்களில் ஆதிக்குடிகள் எவருமில்லை. நிலம் உண்மையாகவே வெறுமையானது. பேரரசுகள் பூமியிலே பொய்யாகக் கூறிய ஒன்றை இவ்விளையாட்டு மெய்யாக்கித் தருகிறது. குற்றமற்ற குடியேற்றம் என்னும் இக்கனவே இதன் கவர்ச்சிக்குக் காரணங்களுள் ஒன்று என்பது என் துணிபு.

எனினும் இத்துடன் நிறுத்திக்கொள்வது ஒருபக்கப் பார்வையாகும். நம் முற்போக்குத் திறனாய்வு சில வேளைகளில் அவ்வாறு நின்றதும் உண்டு. பெயர்கள் பழையனவாயினும் அவற்றை ஆக்கிய செயல் பழையதன்று. எரிபொருள் தீர்ந்து வெளியிலே தவிப்போரைத் தேடிச் சென்று, கைம்மாறு வேண்டாது எரிபொருள் வழங்கும் 'பியூவெல் றற்ஸ்' என்னும் குழு 2015 முதல் இயங்குகிறது. 2019 ஜனவரி 13 அன்று தொடங்கிய இரண்டாவது 'டிஸ்ரன்ற் வேர்ல்ட்ஸ்' பயணத்தில் 10,000 இற்கும் மேற்பட்டோர் பால்வீதியின் குறுக்கே பீகிள் முனைவரை செல்லப் புறப்பட்டனர். பால்வீதி மையத்துக் கருந்துளைக்கு அண்மையில் நிலையமொன்று எழவேண்டுமென அவர்கள் கனிமங்களை அகழ்ந்து சுமந்து சேர்த்தனர். 'எக்ஸ்புளோறர்ஸ் ஆங்கரேஜ்' எழுந்தது. தனிக்குரூசோக்களுக்கென வகுக்கப்பட்ட விதிகளுக்குள்ளிருந்தே, அவ்விதிகள் எதிர்பாராத கூட்டுழைப்பு பிறந்துள்ளது. யுனிவேர்சல் காட்டோகிராபிக்ஸுக்கு விற்ற அதே தரவை அவர்கள் பொதுத் தரவுத்தளத்துக்கு இலவசமாகவும் கொடுத்தனர். ஒரே தரவு ஓரிடத்திற் பண்டமாகவும் மற்றோரிடத்தில் பொதுவுடைமையாகவும் வாழ்ந்த இம்முரண்பாடே இப்பனுவலின் உயிர்நிலை. இதனை எண்ணியற் பொதுவுடைமை எனக் கொண்டாடுவோர் முதற்பாதியை மறக்கின்றனர். வெறும் நுகர்வெனத் தள்ளுவோர் இரண்டாம் பாதியைக் காண்பதேயில்லை.

முரண்பாட்டில் மேலோங்கிய பக்கம் எது என்பதை 2022 காட்டிற்று. அவ்வாண்டு மார்ச்சில், தொலைக்காட்சியுடன் இணைக்கும் விளையாட்டுப்பொறிகளுக்கான மேம்பாட்டை நிறுத்துவதாகப் புரொன்ரியர் அறிவித்தது. நவம்பரில் ஒரே பால்வீதி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கணினியில் விளையாடுவோர்க்குத் தொடர்ந்து வளரும் பால்வீதி. பழைய பதிப்பிலும் பழைய பொறிகளிலும் தங்கியோர்க்கு வளர்ச்சி நின்ற பால்வீதி. பின்னதிலே ஒருவர் இன்று புதிய முகிலொன்றைச் சென்றடைந்தாலும், முன்னதிலுள்ள வானில் அவர் பெயர் ஏறாது. அவர்கள் அதுவரை ஆக்கிய வரைபடம் மற்றவர்களுடையதினும் குறைந்த உழைப்பாலானதன்று. பிரித்தற்குரிய காரணங்கள் தொழினுட்பம் சார்ந்தவை என விளக்கப்பட்டன, அவ்விளக்கத்தை நம்பலாம். தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பது வேறு வினா, அவ்வினா அன்று பெரிதும் எழுப்பப்படவில்லை.

விளையாடுவோர் தொகுத்த தரவுகளின் பிரதிகள் நிறுவனத்தின் கணினிகளுக்கு வெளியே பலரிடம் உள்ளன. அமைவிடங்கள், விவரணங்கள், படங்கள், பெயர்கள் யாவும் அவற்றில் உண்டு. அவை சுட்டும் முகில்களைப் பிறப்பிக்கும் உலைக்களம் மட்டும் அவர்களிடம் இல்லை.