விலையில்லாததும் கட்டற்றதும்

1983-இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் 'ஃப்ரீ' என்ற ஆங்கிலச் சொல்லோடு பல வருஷமாக மல்லுக்கட்டி வருகிறார்: தான் பேசுவது விலையை அல்ல, சுதந்திரத்தை என்று. தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ஆனால் நம்மிடம் மூன்றாவதாக ஒரு சொல்லும் உண்டு: 'விலையில்லா'. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய மடிக்கணினியோடு வந்த சொல். பெறுகிறவரின் மானத்தைக் கருதி 'இலவச' தவிர்க்கப்பட்டதாம். இருக்கட்டும். மூடியில் முதல்வர் படம் இருந்தது.

தொடக்க வருஷங்களில் வந்தவற்றில் இயங்குதளம் இரண்டு: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். பொத்தானை அமுக்கினால் இரண்டு பெயரும் திரையில் வரும், ஒன்றைத் தேரலாம். ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ் குடும்பத்தின் கடைக்குட்டி. திரையின் பின்னணிப் படத்தை மாற்றக்கூட அதில் வழி கிடையாது. 2 ஜிபிக்கு மேல் நினைவகம் இருந்தாலும் சீண்டாது. அதற்குப் பக்கத்திலேயே, எதையும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்கிற ஒன்று கிடந்தது. அப்போது தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவரும் அதைத் தொடவில்லை. சொல்லித்தர ஆளில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. சுதந்திரத்தைப் பட்டியலில் இரண்டாம் வரியாக எழுதிவைத்தால் அது யாருக்கும் வந்து சேர்ந்துவிடுவதில்லை.

2020 ஜனவரி 14-இல் விண்டோஸ் 7-க்கான ஆதரவு முடிந்தது. அன்றைக்கு என் கணினியில் எதுவும் உடையவில்லை. விசைகள் அமுங்கின, திரை எரிந்தது. ஆனாலும் அது 'பழசு' ஆகிவிட்டது. பழசு என்பது பொருளின் குணமல்ல, வேறெங்கோ யாரோ எழுதும் தேதி. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் அப்படியொரு தேதி வந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். அது இல்லாதவை நன்றாக ஓடினாலும் தகுதியற்றவை. தகுதி என்ற சொல்லை வைத்து யாரை எப்படி வெளியே நிறுத்துவார்கள் என்பது நமக்குப் புதிதல்ல.

"இனிமே இதுல ஒண்ணும் ஓடாது சார், எடைக்குப் போட்ருங்க" என்றார் பழுதுபார்க்கும் கடைக்காரர். போடவில்லை. 2022-இல் நண்பர் ஒருவர் பென்டிரைவில் டெபியனும், எக்ஸ்எஃப்சிஇ என்ற கனமில்லாத திரைச்சூழலும் கொண்டுவந்தார். ஒரு மாலைப்பொழுது வேலை. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது: ஸ்டார்ட்டர் 32 பிட்டில் மட்டுமே வந்தது, என் செயலியோ 64 பிட். பத்து வருஷம் வீட்டில் ஒரு அறையைப் பூட்டியே வைத்திருந்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அதில்தான் தட்டப்படுகிறது.

இதோடு நிறுத்தினால் விளம்பரமாகிவிடும். லினக்ஸ் 1991-இல் டோர்வால்ட்ஸின் 386 கணினியில் பிறந்தது. 2012 டிசம்பரில் அந்த 386-க்கான நிரல் கருவிலிருந்து வெட்டப்பட்டது. தனக்கு இதில் மனத்தாங்கல் இல்லை என்றார் டோர்வால்ட்ஸ். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, 32 பிட் பிசிக்களுக்கான நிறுவியைக் கைவிட்டது. கட்டற்ற உலகமும் தேதி எழுதத்தான் செய்கிறது. வித்தியாசம், மூலநிரல் பொதுவில் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் தொடரலாம் என்பது. இந்த 'யார்' யார்? சி மொழி தெரிந்தவர், ஆங்கிலத்தில் வாதாடக்கூடியவர், கூலியில்லாமல் ராத்திரி உட்கார முடிந்தவர். சிற்றிதழையும்தான் யார் வேண்டுமானாலும் நடத்தலாம்; யார் வீட்டு நகை அடகுக்குப் போயிற்று என்று கேட்டுப் பாருங்கள். கட்டற்றதைக் கொண்டாடும் நம் சொல்லாடலில் இந்த உழைப்புக்கு இடமே இல்லை. (ஏகாதிபத்திய எதிர்ப்புத் துண்டறிக்கையைத் திருட்டு விண்டோஸில் அடிக்கும் தோழர்களைப் பற்றி இன்னொரு சமயம் பேசலாம்.)

இன்னொரு சுவர், உலாவி. எழுத, படிக்க, பாட்டுக் கேட்க 2 ஜிபி தாராளம். இரண்டு செய்தித்தளங்களைத் திறந்தால் மூச்சு முட்டுகிறது. அந்தப் பக்கங்கள் வேறு யாருடைய கணினியையோ மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதைக் கட்டற்ற இயங்குதளம் ஒன்றும் செய்துவிட முடியாது.

போன மாதம் தெரிந்தவர்கள் வீட்டுப் பரணிலிருந்து இதே ரகத்தில் மூன்று வந்தன. இரண்டில் டெபியன் ஏற்றி எங்கள் வாசகசாலையில் வைத்திருக்கிறோம். மூன்றாவதில் தாய்ப்பலகை போய்விட்டது. அதன் நினைவகப் பட்டையைக் கழற்றி என்னுடையதில் சொருகினேன். இப்போது 4 ஜிபி.