வால்வை விலக்கிய பிராம்ஸ்

மேனாட்டுப் பித்தளை இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பலரும் ஒரே கதையைச் சொல்வர்: வால்வு இல்லாத காலத்தில் அவை குறையுள்ள கருவிகள், வால்வு வந்தது, குறை தீர்ந்தது. இக்கதையில் பாதியே உண்மை. மறுபாதியை அறிய, ஜெர்மானிய இசைமேதை யோகன்னஸ் பிராம்ஸ் பியானோ, வயலின், ஹார்ன் ஆகிய மூன்றுக்குமாக 1865-இல் இயற்றிய இசைக்கோவையைக் கேட்க வேண்டும். வால்வு தோன்றி அரை நூற்றாண்டு ஆகியிருந்தும், வால்வற்ற ஹார்னையே அவர் அதற்கு விரும்பினார்.

முதலில் இயற்பியலைக் காண்போம். குழாயின் ஒரு முனையில் உதடுகள் அதிரும்போது உள்ளிருக்கும் காற்றுத் தம்பம் சில அதிர்வெண்களுக்கே ஒத்ததிரும். அவை 2, 3, 4, 5, 6 என்ற விகிதத்தில் அமையும் சீரிசைகள். (ஒரு முனை மூடிய குழாயில் ஒற்றைப்படைச் சீரிசைகளே எழும் என்று படித்த மாணவர் இங்கே தடை எழுப்பலாம். நியாயமான கேள்விதான். ஊதுகிண்ணமும் விரிந்த முகப்பும் ஒத்ததிர்வுகளை இடம்பெயர்த்து, ஏறக்குறைய முழு வரிசையையும் தந்துவிடுகின்றன.) 4-ஆம் சீரிசையை ஸட்ஜமாகக் கொண்டால் 5-ஆவது அந்தர காந்தாரம், 6-ஆவது பஞ்சமம், 8-ஆவது மேல் ஸட்ஜம். இடைப்பட்ட சுரங்கள் பல கிட்டா. எனவே 18-ஆம் நூற்றாண்டுக் கலைஞர்கள் ஹார்னின் முகப்புக்குள் வலக்கையைச் செலுத்தி, அடைத்தும் திறந்தும் அச்சுரங்களை எழுப்பினர். சுரம் கிடைத்தது, ஆனால் கை அடைத்தபோது நாதம் மங்கியது.

1818-இல் ஸ்டோல்ட்ஸெல், புளூமெல் என்ற இருவர் பிரஷ்யாவில் வால்வுக்குக் காப்புரிமை பெற்றனர். வால்வை அழுத்தினால் காற்று ஒரு கூடுதல் குழாய்த்துண்டின் வழியே சுற்றிவரும், நீளம் கூடும், சுரம் தாழும். விரல் நுனியில் எல்லாச் சுரங்களும் வந்துவிட்டன.

ஆனால் கணக்கு முழுவதும் சரியாக வரவில்லை. இன்றைய ட்ரம்பெட் ஒன்றின் குழாய் சுமார் 148 செ.மீ. என்போம். அரைச்சுரம் தாழ்த்த 8.8 செ.மீ., முழுச்சுரம் தாழ்த்த 18.1, ஒன்றரைச் சுரம் தாழ்த்த 28 செ.மீ. கூட்ட வேண்டும். மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மூன்று முழுச்சுரம் தாழவேண்டும். அதற்குத் தேவை 61.3 செ.மீ.; கிடைப்பதோ 54.9 தான். தேவையான நீளம் விகிதப்படி பெருகுகிறது, குழாய்த்துண்டுகளோ வெறுமனே கூடுகின்றன. இதனால் அச்சுரம் கிட்டத்தட்ட கால்சுர அளவு உயர்ந்து ஒலிக்கும். நகரும் சிறுகுழாயாலும் உதட்டாலும் கலைஞர்தாம் இதைச் சரிசெய்கிறார்.

பிராம்ஸ் இந்தக் கணக்கைப் பார்த்து வால்வை விலக்கவில்லை. சிறுவயதில் வால்வற்ற ஹார்னை ஊதிப் பழகியவர். அதன் நாதபேதங்களை அறிந்தவர். கோவையின் மூன்றாம் பகுதி மெதுவாகச் செல்லும் சோகப் பகுதி. ஈ-பிளாட் மைனரில் அமைந்தது. ஹார்னோ ஈ-பிளாட் ஹார்ன். அதன் ஸட்ஜமும் பஞ்சமமும் திறந்த நாதத்துடன் வரும். சோகத்தைத் தரும் சாதாரண காந்தாரமும் சுத்த தைவதமும் சீரிசையில் இல்லாதவை, கையால் அடைத்தே எழுப்பவேண்டியவை. துயரம் செறிந்த சுரங்களே தொண்டை அடைத்தாற்போல் ஒலிக்கின்றன! அவ்வாண்டு இறந்த தம் அன்னையை நினைத்து எழுதியது இப்பகுதி என்பர். காரணம் எதுவாயினும், துயரத்தின் ஒலி குழாயின் இயற்பியலிலிருந்தே பிறக்கிறது. மேஜருக்குத் திரும்பும் நான்காம் பகுதி வேட்டைக்கொம்பின் துள்ளலுடன் ஓடுகிறது. அதற்கு வேண்டிய காந்தாரம் திறந்த சீரிசையிலேயே உள்ளது. வால்வு ஹார்னில் வாசித்தால் இரு பகுதிகளுக்கும் ஒரே மெருகு ஏறிவிடுகிறது. இது சிறு இழப்பன்று என்பதே என் கருத்து.

இதனால் வால்வு தேவையற்றது என்று ஆகிவிடாது. ஷூமான் 1849-இல் வால்வு ஹார்னுக்கென எழுதிய ‘அடாஜியோ, அலெக்ரோ’ அரைச்சுரங்களின் மீது வழுக்கிச் செல்லும் நீண்ட பாடல் போன்றது. கையால் அடைத்து அதை வாசித்தால் பாடலின் இழை அறுந்துபோகும். வாக்னர் நடுநிலையான தீர்ப்பைத் தந்தார். ‘டிரிஸ்டான்’ இசைநாடகச் சுவடியின் முற்குறிப்பில், வால்வால் ஹார்ன் நாத அழகில் சிறிது இழந்ததை ஒப்புக்கொண்டு, பெற்றது மிகப் பெரிது என்றும் எழுதினார்.

பிராம்ஸின் கோவை இன்று பெரும்பாலும் வால்வு ஹார்னில்தான் வாசிக்கப்படுகிறது. வால்வற்ற ஹார்னில் பதிவானவையும் உண்டு. இரண்டும் கிடைத்தால், மூன்றாம் பகுதியை மட்டும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.