நடந்து பார்க்கும் சித்திரங்கள்

சட்டம் போட்ட படத்தின் முன் நின்றால் போதும். சுவர்ச் சித்திரம் அப்படியல்ல. அதற்கு நம் காலும் வேண்டும். தூண் மறைக்கும், படி குறுக்கே வரும், ஒரு மூலையில் வெளிச்சம் இராது. சுவரில் எழுதிய கலைஞன் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறான். எந்த இடத்தில் நாம் திரும்புவோம், எங்கே மூச்சு வாங்க நிற்போம் என்பதெல்லாம் அவன் கணக்கில் உண்டு. புத்தகத்தில் அச்சான பிரதியைப் பார்த்து இந்தக் கலையைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது, கச்சேரியைப் பற்றி மறுநாள் பத்திரிகையில் படித்துவிட்டுத் தலையாட்டுவது போலத்தான்.

இதைச் சொல்லக் காரணம் திருமலை. ஜவ்வாது மலையின் கிழக்குச் சரிவு இறங்கி முடிந்த பிறகு, போளூருக்கு அப்பால், வடமாதிமங்கலத்துக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் கற்குன்று அது. ஏழுமலையான் இருக்கும் திருமலை அல்ல. பெயரைச் சொன்னவுடன் எல்லோரும் அங்கேதான் போய்விடுகிறார்கள். இது சமணர்களின் திருமலை. ராஜராஜ சோழனின் தமக்கை குந்தவை பெயரால் இங்கே ஒரு ஜினாலயம் எழுந்தது. குன்றின் மேலே பாறையிலேயே செதுக்கிய நேமிநாதர் 16 அடி உயரம் நிற்கிறார். தமிழ்நாட்டுச் சமணச் சிற்பங்களில் இவ்வளவு உயரம் வேறு எதற்கும் கிடையாது என்கிறார்கள்.

சரித்திரம் படித்தவர்களுக்கு இந்த ஊர் வேறு வகையில் தெரியும். ராஜேந்திர சோழனின் 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது 1024 வாக்கில் வெட்டியது, இந்தப் பாறையில் இருக்கிறது. ஈழம் கொண்டது, கங்கை கொண்டது என்று அவன் வென்ற நாடுகளெல்லாம் வரிசையாக வருகின்றன. அந்தக் கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது என்று கடைசியில் பார்த்தால், சாமுண்டப்பை என்ற வியாபாரி மனைவி குந்தவை ஜினாலயத்துக்கு ஒரு நந்தா விளக்கு வைத்தாளாம்; விளக்குக்கு 20 காசு, திருவமுதுக்கு 10 காசு. பாதி இந்தியாவை ஜயித்த கதை ஒரு விளக்கின் முகவுரையாக நிற்கிறது! நாவல் எழுதுகிறவன் இந்தக் கல்லின் முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் நஷ்டமில்லை.

சித்திரங்கள் இருப்பது கீழ்க் கோயிலுக்குப் பின்னால். பாறை ஒரு பெரிய தாழ்வாரம் போல முன்னே கவிந்திருக்கிறது. அதன் அடியில் செங்கல்லும் சுண்ணாம்புமாகச் சுவர் எழுப்பி, மாடியின் மேல் மாடியாகச் சிறு சிறு அறைகள் கட்டியிருக்கிறார்கள். குறுகலான படிகள், உயரமானவர்கள் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். வெளி வெயிலிலிருந்து உள்ளே போனதும் ஒன்றுமே தெரியாது. கண் பழகப் பழகத்தான் காவியும் மஞ்சளும் கருப்பும் சுவரிலிருந்து மெல்லப் பிரிந்து வரும். முதலில் தெரிவது ஜமக்காளம் விரித்தது போன்ற கட்டங்களும் பூ வேலையும். பிறகு உருவங்கள். பல இடங்களில் சாந்து உதிர்ந்து செங்கல் தெரிகிறது. ஒரு கையும் பாதி முகமும்தான் மிச்சம். 11-ஆம் நூற்றாண்டு என்றும் 17 என்றும் அறிஞர்கள் காலம் சொல்லியிருக்கிறார்கள். கோலத்தின் மேல் கோலம் போடுவது போல் தலைமுறைக்குத் தலைமுறை எழுதியிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவற்றில் ஓர் அறையில் உள்ள வட்டச் சித்திரத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நடுவில் அருகன். அவரைச் சுற்றி வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போலக் கோடுகள். கோடுகளுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்திருக்கும் உருவங்கள். நான் போயிருந்த அன்று ஒரு குடும்பமும் வந்திருந்தது. சிறுவன், "என்னப்பா இது, சக்கரமா?" என்று கேட்டான். தகப்பனார் சற்று யோசித்து, "ஜாதகக் கட்டம் மாதிரி இருக்குடா" என்றார். சிரிக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு என்ற எண்ணை அவர் எப்படியோ தொட்டுவிட்டார்.

அது சமவசரணம். தீர்த்தங்கரர் ஞானம் பெற்றபின் தேவர்கள் அவருக்காக அமைக்கும் பேரவை. அதில் கேட்போருக்குப் பன்னிரண்டு பகுதிகள்: துறவிகள், தேவர்கள், தேவமாதர், மனிதர், கடைசியாக மிருகங்கள். புலியும் மானும் பகை மறந்து ஒரே பகுதியில் உட்காரும். அருகன் ஒரு திசை நோக்கி இருந்தாலும் நான்கு திசையில் இருப்பவர்களுக்கும் அவர் முகம் தெரியும். அவர் குரலை அவரவர் தங்கள் தங்கள் பாஷையில் புரிந்துகொள்வார்கள். சித்தன்னவாசல் விதானத்தில் நாம் பார்த்து மயங்கும் தாமரைக் குளம்கூட இந்தப் பேரவைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு குளம்தான் என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். அங்கே வழி; இங்கே சபை.

திருமலைக் கலைஞன் செய்திருக்கும் காரியம் சாமானியமானதல்ல. கதையில் சம்பவமே கிடையாது. யாரும் யாரையும் கொல்லவில்லை, யாரும் எங்கேயும் போகவில்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கேட்பதைச் சித்திரமாக எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் நாவல்களில் பேசுகிறவர்கள் ஏராளம். கேட்கிற பாத்திரம் ஒன்றை உருப்படியாகப் படைத்தவர்கள் எத்தனை பேர்?

இங்கே மெக்ஸிகோவை இழுப்பது சில வாசகர்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். சுவர்ச் சித்திரம் என்றால் உலகம் இன்று நினைப்பது அந்த நாட்டைத்தான் என்பதால் இழுக்க வேண்டியிருக்கிறது. பத்து வருஷ உள்நாட்டுப் போர் ஓய்ந்த சமயம், 1921-இல் கல்வி மந்திரியான ஹோஸே வாஸ்கான்ஸெலோஸ், எழுத்தறியாத ஜனங்களுக்குச் சுவரே புத்தகமாக இருக்கட்டும் என்று சர்க்கார் கட்டடங்களை ஓவியர்களுக்குத் திறந்துவிட்டார். டியேகோ ரிவேரா, ஒரோஸ்கோ, ஸிகெய்ரோஸ் மூவரும் அப்படி வந்தவர்கள். மெக்ஸிகோ நகரத்தின் பழைய பகுதியில் ஸான் இல்தெஃபோன்ஸோ, அடுத்த தெருவில் கல்வி இலாகா, சதுக்கத்தைக் கடந்தால் தேசிய அரண்மனை என்று ஒரு காலைப் பொழுதில் வழிகாட்டியுடன் நடந்து பார்த்துவிடலாம். நானும் அப்படி நடந்தவன். எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். எந்தப் படத்துக்கு எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பது அவர் காலுக்கே தெரிந்திருந்தது.

கல்வி இலாகாக் கட்டடத்தில் இரண்டு முற்றங்களைச் சுற்றி மூன்று மாடிகளில் ரிவேரா 1923 முதல் 1928 வரை 200-க்கு மேற்பட்ட படங்கள் எழுதினார். நம் கொத்தர்கள் சுண்ணாம்பில் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்ப்பதுபோல, அவர் அங்கே நாகதாளிச் சாற்றைச் சேர்த்துப் பார்த்தார், சரிவராமல் விட்டுவிட்டார். சுரங்கத்திலிருந்து ஏறி வரும் தொழிலாளி, சாயமிடுகிறவர்கள், திருவிழாக் கூட்டம் என்று அந்த முற்றங்களில் அவர் உண்மையாகவே பெரிய கலைஞர். அரண்மனை மாடிப்படிக்கு வரும்போதுதான் எனக்குச் சங்கடம். 1929-இல் தொடங்கி, 1935 வரை, ஒரு தேசத்தின் முழுச் சரித்திரத்தையும் ஒரே படிக்கட்டில் ஏற்றிவிட்டார். நூற்றுக்கணக்கான முகங்கள், தோளோடு தோள். கடைசியில் கார்ல் மார்க்ஸ் கையில் ஏட்டுடன் நின்று எதிர்காலத்தைச் சுட்டிக் காட்டுகிறார். பிரமாதமான கட்டுக்கோப்பு, ஆனால் சுவர் முழுவதும் ஒரே ஆள் பேசிக்கொண்டிருக்கிறார். படி ஏறி இறங்கினபின் ஒரு நல்ல பிரசங்கம் கேட்ட களைப்புத்தான் எனக்கு மிஞ்சியது.

ஒரோஸ்கோ வேறு ஜாதி. ஸான் இல்தெஃபோன்ஸோவில் அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, 1924-இல், அந்தப் பள்ளி மாணவர்களே படங்களைச் சேதப்படுத்தினார்கள். வேலை போயிற்று. 1926-இல் திரும்பி வந்து 'பதுங்குகுழி' என்ற படத்தை எழுதினார். மூன்று ஆட்கள். ஒருவன் கைகளை விரித்துப் பாறைமேல் சாய்ந்துவிட்டான். ஒருவன் மண்டியிட்டு முகத்தை மூடிக்கொண்டிருக்கிறான். ஒருவர் முகமும் நமக்குத் தெரியாது. புரட்சி வாழ்க என்றோ வீழ்க என்றோ சுவர் சொல்லவில்லை. எங்கள் கூட்டத்தில் அதுவரை பேசிக்கொண்டே வந்தவர்கள் அங்கே சும்மா நின்றார்கள். ரிவேராவைவிட ஒரோஸ்கோ ஒரு படி மேல் என்பது என் தீர்மானம். ரிவேரா பக்தர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

அந்த மௌனத்தைத்தான் நான் திருமலையில் மறுபடி பார்த்தேன். ஒன்று துக்கத்தின் மௌனம், மற்றது கேட்பதன் மௌனம், வித்தியாசம் பெரிதுதான். ஆனால் இரண்டு கலைஞர்களும் பார்ப்பவனுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். திருமலைச் சக்கரத்தில் நாமும் ஒரு பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருக்கிறது. ஜவ்வாது மலையிலிருந்து தேனும் புளியும் சாமையும் கொண்டு இறங்கும் மலையாளிகளுக்கும், போளூர்க் கடைக்காரருக்கும், நமக்கும் அங்கே பகுதி உண்டு. மிருகங்களுக்கே உண்டு என்கிறபோது கேட்பானேன்!

ஆனால் இது சொன்னால்தான் தெரியும். கலை தானே பேசும் என்று வாதம் செய்பவர்கள் உண்டு. சுவர் விஷயத்தில் அது பொருந்தாது. எழுதியவர்களே அப்படி நினைக்கவில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில், 1387-இல் இருகப்பர் கட்டிய மண்டபத்து விதானத்தில், ரிஷபர் கதையும் நேமிநாதர் கதையும் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே இன்னது நடக்கிறது என்று தமிழில் எழுதி வைத்தார்கள். ரிவேராவும் கல்வி இலாகாவின் மேல்மாடியில் நாட்டுப்பாடல் வரிகளை நாடா போலத் தூணுக்குத் தூண் எழுதிக்கொண்டே போனார். ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாது; உபாயம் ஒன்று. திருமலையில் அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள் வாய்மொழியாகச் சொல்லியிருப்பார்கள். குரல் நின்ற பிறகு சக்கரம் ஜாதகமாகிவிட்டது.

சாவி வைத்திருந்தவர் எங்களிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "பழைய பெயிண்டிங், தொடாதீங்க சார்." அவருக்கு இட்ட வேலை அது, ஒழுங்காகச் செய்தார். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம்; பூட்டு வேண்டியதுதான். வேண்டாதவர்கள் ஏற்கெனவே ஆணியால் தங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் சுவரில் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் கீறுகிறவனைத் தடுக்கப் பூட்டு மட்டும் போதாது. இது புலியும் மானும் கேட்கிற சபை என்று பத்து வயதில் ஒருவர் சொல்லியிருந்தால் அவன் ஆணியை எடுத்திருப்பானா என்பது என் கேள்வி.

இந்த ஊருக்குப் பராமரிப்பு புதிதல்ல. சேர வம்சத்து எழினி வைத்த யட்சன், யட்சி உருவங்கள் பாழ்பட்டுக் கிடந்ததைப் பின்னாளில் தகடூர் விடுகாதழகிய பெருமாள் எடுத்துச் சீர்படுத்தினான் என்று இதே குன்றில் கல்வெட்டு இருக்கிறது. இன்று பெருமாள் யாரும் வேண்டாம். போளூரிலும் ஆரணியிலும் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாலு பேருக்கு ஆறு மாதம் சமணக் கதையும் சித்திர முறையும் கற்றுக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் அடிவாரத்திலிருந்து உச்சிப் பாதம் வரை கூட்டிக்கொண்டு நடக்கச் சொன்னால் ஆகும் செலவு அதிகமில்லை. திருமலை முடிந்ததும், ஜவ்வாதுக்கு வடக்கே ஆம்பூர் வட்டாரத்தில் உள்ள ஆர்மாமலைக்கும் போகலாம். இயற்கைக் குகைக்குள் மண்சுவர் எழுப்பிச் சமணர் தங்கிய இடம். 8-ஆம் நூற்றாண்டுச் சித்திரங்கள், திக்குப் பாலகர்கள், ஆட்டுக்கடா மேல் அக்கினி. மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.

போளூர்ச் சாலையில் எந்த மதிலைப் பார்த்தாலும் கட்சிக்காரர்கள் வெள்ளையடித்து, இத்தனாம் வருஷம் வரை இந்தச் சுவர் எங்களுக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சுவரின் மதிப்பு நம் ஜனங்களுக்குத் தெரியாது என்று யார் சொன்னார்கள்?

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள்; பத்து மணிக்கு மேல் பாறை சுடும். வெளிச்சத்துக்குச் சின்ன டார்ச் ஒன்று, மங்கலானதாக இருந்தால் நல்லது. அறைக்குள் போனதும் உடனே தேட வேண்டாம். ஐந்து நிமிஷம் சும்மா நில்லுங்கள்.