எதிரி வானொலியும் நீலகேசியும்

விழிஞ்ஞம் என்றால் இப்போது எல்லாருக்கும் 2025 மே 2-இல் தொடங்கி வைக்கப்பட்ட துறைமுகம்தான் நினைவுக்கு வரும். எனக்கு வருவது, 1986-இல் நான் அங்கே பாத்திரக்கடை போட்டபோது தினமும் மாலையில் வந்து உட்காரும் ஒரு பாட்டா. நாஞ்சில் நாட்டுக்காரர். இரண்டாம் உலகப்போரில் ஆங்கிலேயர் படையில் வயர்லெஸ் வேலை; 1944-இல் இம்பால் முனையில் இருந்தவர்.

"ராத்திரி யாருக்கும் தெரியாம எதிரி ரேடியோவைத் திருப்புவேன் மக்கா. நேதாஜி தமிழ்லயே பேசினாரு. காலையில அதே கையால பீரங்கிக்காரனுக்கு இடம் சொல்லுவேன். அங்கயும் நம்ம ஆளுகதானே?" என்றார்.

வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை நான். ஏதோ நாலு புத்தகம் படித்த திமிர். "நேதாஜிக்குத் தமிழ் தெரியாதே பாட்டா" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இந்த நினைவை எப்படி மதிப்பிடுவது? நேதாஜி ஆங்கிலத்திலும் இந்துஸ்தானியிலும் பேசியவர் என்பது உண்மை. ஆனால் 1942-இல் பெர்லினில் தொடங்கிய ஆசாத் ஹிந்த் வானொலி தமிழிலும் ஒலிபரப்பியது. பின்பு சிங்கப்பூர், ரங்கூன் என்று இடம் மாறியது. பாட்டா கேட்டது யாரோ ஒரு தமிழ் அறிவிப்பாளரின் குரலாக இருக்கலாம். ஏட்டுச்சுவடியில் உரைகாரர் வரி மூலத்தோடு கலந்துவிடுவது போலத்தான் இதுவும். அதற்காக ஏட்டையே ஆற்றில் விடுவதா?

எதிரி வானொலி என்றால் எல்லாம் பொய் என்றும் சொல்ல முடியாது. 1942 மார்ச்சில் நேதாஜி விமான விபத்தில் இறந்தார் என்று செய்தி பரப்பியது ஆங்கிலேயர் தரப்பு. அதை மறுத்து ஒலித்தது அவர் குரலே. 1943 வங்கப் பஞ்சத்தில் ஒரு லட்சம் டன் அரிசி தருவதாக அவர் அறிவித்ததும் வானொலியில்தான். அதே சமயம், இம்பால் இதோ விழப்போகிறது என்ற பிரசாரம் பலிக்கவில்லை. இரண்டு பக்கமும் மெய்யும் உண்டு, பொய்யும் உண்டு.

நம் மரபில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. பௌத்த நூலான குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. அதை மறுக்க எழுந்த சமண நூல் நீலகேசி. அதன் உரையிலும் புறத்திரட்டிலும்தான் குண்டலகேசிப் பாடல்கள் சில தப்பிப் பிழைத்தன. நேதாஜியின் வானொலிப் பேச்சுகள் பல இன்று கிடைப்பதற்கும், அவற்றை ஒட்டுக்கேட்டு எழுதி வைத்த ஆங்கிலேய அரசின் பதிவுகள் ஒரு காரணம். மறுப்பதற்காகவாவது எதிராளி சொன்னதை முழுதும் கேட்கத்தான் வேண்டும்.

நம் சங்க மலர்களில் இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றிய கட்டுரைகள் உண்டு; மகிழ்ச்சி. ஆனால் அன்று ஆங்கிலேயர் கொடியின் கீழ் இருந்த இந்தியர் சுமார் 25 லட்சம் பேர். அவர்களைத் துரோகி என்றும் சொல்லத் துணியாமல், வீரர் என்றும் சொல்ல மனமில்லாமல் விட்டுவிட்டோம். இதைக் குறை என்றே கருதுகிறேன்.

பாட்டா அன்று கேட்டது நேதாஜியின் மொழியைப் பற்றிய கேள்வி அல்ல. "அங்கயும் நம்ம ஆளுகதானே" என்பதற்கு நான் பதிலே சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள். திருத்தத்தைப் பிறகு ஓரத்தில் குறித்துக் கொள்ளலாம்.