'பறையன்' என்று ஒரு பத்திரிகை

1996-இல் தில்லியில் பி.என். உனியால் என்கிற பத்திரிகையாளரிடம் வெளிநாட்டு நிருபர் ஒருவர், தலித் பத்திரிகையாளர் யாரையாவது பார்த்துப் பேச வேண்டும் என்று கேட்டார். உனியால் தேடினார். மத்திய அரசு அங்கீகரித்த நிருபர்களின் பட்டியலையும் புரட்டினார். ஒருத்தரும் அகப்படவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் தான் ஒரு தலித் பத்திரிகையாளரைக்கூடச் சந்தித்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதை 'பயனியர்' நாளிதழில் எழுதவும் செய்தார். அதற்கு 103 வருஷம் முன்னால், 1893 அக்டோபரில், சென்னையில் ஒரு தலித் சொந்தமாகவே பத்திரிகை ஆரம்பித்திருந்தார். பத்திரிகையின் பேர் 'பறையன்'. ஆசிரியர் இரட்டைமலை சீனிவாசன்.

'தாத்தா' சீனிவாசன் என்றதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது வட்டமேஜை மாநாடு, அம்பேத்கர், திவான் பகதூர் பட்டம். மாலை போடும்போது மேடையில் பேசுவதும் இவற்றைத்தான். பத்திரிகைக்காரர் சீனிவாசன் பேச்சில் வருவதே இல்லை. நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது 'இதழியல் வரலாறு' என்று ஒரு தாள் இருந்தது. ஜி. சுப்பிரமணிய ஐயர், பாரதி, திரு.வி.க. எல்லாரும் இருந்தார்கள். இவர் இல்லை. நூலகத்தில் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பேர்லயா பத்திரிகை நடத்துனாங்க?" என்றார். அவர் கெட்டவர் இல்லை, என் மனசு நோகக் கூடாதே என்றுதான் குரலைத் தாழ்த்தினார்.

1939-இல் சீனிவாசன் எழுதிய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' பேருக்கேற்ற மாதிரி சுருக்கம்தான். எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. பட்டங்களைச் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள், அச்சுக்கூடத்தைப் பற்றி அவரை விட்டால் யார் சொல்வது? ஆனால் சொன்ன கொஞ்சத்திலேயே விஷயம் இருக்கிறது. முதலில் நாலு பக்க மாதப் பத்திரிகை, விலை இரண்டணா. 400 பிரதிகள் இரண்டே நாளில் தீர்ந்துபோயின. மூன்று மாதத்தில் வாரப் பத்திரிகையானது. இரண்டு வருஷத்தில் சொந்த அச்சு இயந்திரம். ஒரு கடிதத்தை வெளியிட்டதற்காக வழக்கு வந்து நூறு ரூபாய் அபராதம் விழுந்தபோது ஜனங்களே பணத்தைக் கட்டியிருக்கிறார்கள். இரண்டணா என்பது சேரிக்காரருக்குச் சின்னக் காசு இல்லை.

அந்தப் பேரில் ஏன் நடத்தினார்? அவருடைய தங்கையை மணந்த அயோத்திதாசப் பண்டிதரே அந்தப் பேரை ஏற்கவில்லை. அது எதிரி சூட்டிய பேர், நாம் பூர்வ பௌத்தர் என்பது பண்டிதரின் கட்சி. 1907-இல் அவர் தொடங்கிய பத்திரிகை 'ஒரு பைசாத் தமிழன்', பிறகு 'தமிழன்'. சீனிவாசன் கட்சி வேறு. பேரை ஒளித்துக்கொண்டு மேலே ஏறினவன் திரும்பிவந்து மற்றவனுக்காகப் பேச மாட்டான், பேச முடியாது. இருவரில் யார் சரி என்று இன்றைக்கும் நம் கூட்டங்களில் சண்டை நடக்கிறது. சரித்திரத்தைத் தோண்டியதில் பண்டிதருக்கு ஈடு கிடையாது. ஆனால் பத்திரிகை என்கிற காரியத்துக்கு சீனிவாசன் வழியே எனக்குச் சரியாகப்படுகிறது. கடையில் போய் ஒருவன் அந்தப் பேரைச் சொல்லித்தானே பிரதி கேட்க வேண்டும்? வசவாகவே கேட்டுப் பழகிய பேரைக் காசு கொடுத்து வாங்க வைத்தார். கலகம் உள்ளே இருந்த கட்டுரைகளுக்கு முன்னால், முதல் பக்கத்தின் தலையிலேயே ஆரம்பித்துவிட்டது.

இனி, அவர் மேல் வழக்கமாகச் சொல்லப்படும் குற்றம்: வெள்ளைக்காரனுக்கு அடிவருடி. ஐ.சி.எஸ். பரீட்சையை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே சமயத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. 1893 ஜூனில் பிரிட்டிஷ் பாராளுமன்றக் கீழ்ச்சபையும் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. டிசம்பர் 23-ஆம் தேதி சென்னையில் சீனிவாசன் எதிர்ப்புக் கூட்டம் கூட்டினார். 3412 கையெழுத்துகளோடு 112 அடி நீள மனு லண்டனுக்குப் போனது. பத்திரிகைக்கு அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. தேசியவாதிகள் இதைத் துரோகம் என்பார்கள். 1893-இல் இந்தியாவில் அந்தப் பரீட்சை நடந்திருந்தால் யார் எழுதியிருப்பார்கள்? பள்ளிக்கூடத் திண்ணைக்கே வரவிடாதவர்கள்தான் கலெக்டராகவும் வந்திருப்பார்கள். கிராமத்தில் அடிப்பவனும் கச்சேரியில் விசாரிப்பவனும் ஒரே வீட்டு ஆள் என்றால் மனு கொடுக்கக்கூட இடமில்லை. இந்தப் பயத்தை அடிவருடித்தனம் என்பது, அடி வாங்காதவர்களின் பேச்சு. அதே சமயம் சீனிவாசன் சர்க்காரை அளவுக்கு மீறி நம்பினார் என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும். மனுவை வாங்கிக்கொண்ட சர்க்கார் அவர் பத்திரிகையையும் கண்காணித்துக்கொண்டே இருந்தது.

1900-த்தோடு பத்திரிகை நின்றது. அவர் கடல் கடந்துபோய்த் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து, 1921-இல்தான் திரும்பினார். ஒற்றை ஆள் தோளில் நடந்த பத்திரிகை, அவர் போனதும் படுத்துவிட்டது. அச்சு இயந்திரம் இருந்தது, வாசகர் இருந்தார்கள், அடுத்த ஆசிரியர் இல்லை. நம் சிறுபத்திரிகைகள் மூன்றாம் இதழோடு நிற்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

'பறையன்' இதழ்களின் முழுத் தொகுப்பு கிடைக்கவில்லை. ஆய்வாளர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது சுதேசிப் பத்திரிகைகளைப் பற்றி சென்னை சர்க்கார் தயாரித்த அறிக்கைகளை. எந்தப் பத்திரிகை என்ன எழுதுகிறது என்று வேவு பார்க்க, சர்க்கார் மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் சுருக்கிக் கொடுத்த துண்டுகள் அவை. அவற்றைத்தான் மறுபடி தமிழாக்கிப் படித்துக்கொண்டிருக்கிறோம். சீனிவாசன் எந்த வார்த்தை போட்டுத் திட்டினார், எந்த வார்த்தை போட்டுக் கேலி செய்தார் என்பது அதில் தெரிவதில்லை. சென்னையிலோ செங்கல்பட்டிலோ கோலாரிலோ பழைய குடும்பங்களில் பரண்மேல் காகிதக் கட்டு இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒருதரம் பிரித்துப் பாருங்கள்.