மலைப்பாதைக்கு ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர்: அடிவாரத்தில் சோதித்தது

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஏதோ ஒன்றில் கார் நின்றுவிட்டால், இன்னொரு காரை மூக்கோடு மூக்காக நிறுத்தி ஜம்பர் கேபிள் மாட்ட இடம் இருக்காது. இருந்தாலும் பின்னால் வரும் பஸ் காத்திருக்காது. கைக்கு அடக்கமான லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டரை நான் வாங்கிப் பார்த்ததற்குக் காரணம் இதுதான். பெயர் சொல்லப்போவதில்லை. ஒரே பெட்டி வேறு வேறு ஸ்டிக்கரோடு நான்கைந்து பெயர்களில் விற்கிறது.

அடிவாரத்தில் சாலையோரம் ஒதுக்கி நிறுத்திய பழைய பெட்ரோல் காரில் சோதனை. ஹெட்லைட்டைப் போட்டே பேட்டரியை இறக்கினேன். சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காமல் 'டக் டக்' சத்தம் மட்டும் வந்தது. பெட்டியை மாட்டினதும் இன்ஜின் சட்டென்று பிடித்துக்கொண்டது. பெரிய டீசல் வண்டியில் அவ்வளவு சுலபமில்லை. இழுத்து, திணறி, சற்று ஓய்வு கொடுத்த பிறகுதான் கிளம்பியது. அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'பீக் ஆம்பியர்' கண நேரம் மட்டும் பாயும் உச்சம். டீசல் வைத்திருப்பவர்கள் அந்த எண்ணை விட்டுவிட்டு, எத்தனை லிட்டர் டீசல் இன்ஜின் வரை தாங்கும் என்ற வரியைத் தேடிப் படிக்கவும்.

எனக்குப் பிடித்தது அதன் பலம் அல்ல, அதன் பிடிவாதம். கிளிப்பைப் பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டினால் சிவப்பு விளக்கு எரிந்து கத்துகிறது, கரண்ட் விடுவதில்லை. சாதாரண கேபிளில் அதே தவறுக்கு ஃபியூஸ், டைனமோவின் டையோடு, சில சமயம் கம்ப்யூட்டர் பெட்டி என்று வரிசையாகப் போகும். ஆனால் இதிலும் ஓர் ஓட்டை உண்டு. பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் அங்கே பேட்டரி இருப்பதே பெட்டிக்குத் தெரியாது. அப்போது அழுத்துவதற்கென்று 'பூஸ்ட்' பொத்தான் வைத்திருக்கிறார்கள். பல பெட்டிகளில் அதை அழுத்தியதும் பாதுகாப்பு முழுவதும் விலகிவிடும். ஆகவே டெர்மினலை அடையாளம் காணும் வேலை கடைசியில் நம் தலையில்தான்.

வயர் நிறத்தை நம்ப வேண்டாம். எப்போதோ மாற்றிய கருப்பு வயர் பிளஸிலும் போயிருக்கலாம். இடம் வலம் பார்த்தும் முடிவுசெய்யக் கூடாது. ஒரே அளவு பேட்டரி, டெர்மினல் இடம் மாறி இரண்டு விதமாக வருகிறது. மூடிக்குப் பக்கத்தில் அச்சில் வார்த்த + குறியைத் தேடுங்கள். டெர்மினல் பூத்துப் பச்சையும் வெள்ளையுமாகக் குறி மறைந்திருந்தால் தடிமனைப் பாருங்கள். கூம்பு வடிவ ஈயத் தண்டுகளில் பிளஸ்தான் தடிமன். வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் என்பதால் உற்றுப் பார்த்தாலே தெரியும். மைனஸிலிருந்து போகும் வயர் பாடியில் போல்ட் போட்டு எர்த் ஆகியிருக்கும். அப்படியும் சந்தேகம் என்றால் மல்டிமீட்டர்: சிவப்பு முனையை ஒன்றிலும் கருப்பை மற்றதிலும் வையுங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் மாற்றி வைத்திருக்கிறீர்கள்.

மாட்டும் வரிசையும் முக்கியம். கேபிளாக இருந்தால் இறங்கிய பேட்டரியின் பிளஸில் சிவப்பு, நல்ல பேட்டரியின் பிளஸில் சிவப்பின் மறுமுனை, நல்ல பேட்டரியின் மைனஸில் கருப்பு. நான்காவது முனை நின்ற காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத போல்ட்டில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசியாக மாட்டும் இடத்தில்தான் பொறி பறக்கும். பேட்டரியோ ஹைட்ரஜன் கக்கும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது வெடிக்கக்கூடியது. கழற்றும்போது அப்படியே தலைகீழ் வரிசை. மைனஸில் சென்சார் பொருத்திய புதிய கார்களுக்கும் எர்த் போல்ட்தான் சரி. ஜம்ப் ஸ்டார்ட்டரில் சில, கருப்பை மைனஸிலேயே மாட்டச் சொல்லும், கையேட்டைப் பாருங்கள். உப்பிய, விரிந்த, ஒழுகும் பேட்டரியில் எதையும் மாட்டாதீர்கள்.

உதவ முன்வரும் லாரிக்காரருக்கு நன்றி சொல்லிவிடுங்கள், கேபிள் வேண்டாம். லாரியிலும் பஸ்ஸிலும் பெரும்பாலும் 24 வோல்ட். எஸ்டேட்டில் இன்னும் பழைய வில்லிஸ் ஜீப் வைத்திருந்தால் நேர்மாறான கவலை: போர்க்கால மாடல்கள் 6 வோல்ட், இந்தப் பெட்டி 12.

"செகண்ட் கியர் போட்டு இறக்கத்துல விடுங்க சார்" என்ற யோசனை இந்தப் பாதையில் நிச்சயம் கிடைக்கும். சமவெளியில் சரி. இங்கே இன்ஜின் ஓடாத காரை உருட்டினால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளுக்குத்தான் வரும். அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஆட்டோமேட்டிக் கார்களுக்கு இந்த வித்தை அநேகமாகச் செல்லவும் செல்லாது.

பேட்டரியைக் கெடுப்பது என்னவோ சேலத்து வெயில்தான். சூடு உள்ளே தகடுகளை அரிக்கிறது. கோளாறு வெளியே தெரிவது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், டிசம்பர் விடியற்காலைக் குளிரில் செல்ஃப் அடிக்கும்போது. போகுமுன் அளந்து பார்ப்பது நல்லது. ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.0 என்றால் கால்வாசிதான். வண்டி ஓடும்போது 13.8க்கு மேல் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் டைனமோவைப் பாருங்கள். ஜம்ப் ஸ்டார்ட்டர் என்ன செய்யும், பாவம்.

அதே வெயில் இந்தப் பெட்டிக்கும் ஆகாது. பூட்டிய காரின் டேஷ்போர்டில் வைத்தால் லித்தியம் செல் உப்பும். பயணத்துக்கு எடுத்துப்போய், திரும்பியதும் வீட்டுக்குள் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் பார்க்காவிட்டால் தேவைப்படும் நாளில் அதுவே இறங்கிக் கிடக்கும்.

பெட்ரோல் கார், அடிக்கடி மலைப் பயணம் என்றால் வாங்கலாம். வோல்ட் காட்டும் திரை உள்ளதாகப் பார்த்து எடுங்கள். உங்கள் பேட்டரிக்கு நான்கு வயது தாண்டியிருந்தால் இந்தப் பணத்தை முதலில் புது பேட்டரியில் போடுங்கள்.